பன்னிரண்டு மணிக்கு வாசலில் யார்?

வைகறைத் தமிழ்ப் பாடசாலை சிட்னியின் மேற்கில், வெஸ்ட்மீட் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஓர் அரசாங்க ஆரம்பப் பள்ளியின் கட்டடத்தைச் சனிக்கிழமை காலைகளில் இரவல் வாங்கி நடக்கிறது. பிள்ளைகள் நூற்றுப் பதினாறு பேர். ஆசிரியர்கள் ஒன்பது பேர். நிர்வாக சபையில் இருபத்துமூன்று பேர். இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க ஒன்பது பேர் தாராளம். சொல்லிக்கொடுத்ததற்காக மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்தவும் போர்த்திக்கொள்ளவும் இருபத்துமூன்று பேராவது வேண்டாமா?

அந்தச் சபைக்கு இந்த ஆண்டு தேர்தல் வந்தது. பதினோரு வருடமாகத் தலைவர் கதிரையை விட்டு எழும்பாத சிறி அண்ணைக்கு எதிராக, ஓய்வுபெற்ற பொறியியலாளர் பாலகிருஷ்ணன் ஓர் அணி திரட்டினார். சிறி அண்ணையின் அணிக்கு ‘மறுமலர்ச்சி’ என்று பெயர். பாலகிருஷ்ணனின் அணிக்கு ‘புதிய மறுமலர்ச்சி’ என்று பெயர். கொள்கை வேறுபாடு அவ்வளவுதான். இரண்டு அணியும் துண்டுப்பிரசுரத்தில் ஒரே சொல்லைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தன: பொறுப்புக்கூறல்.

பாலகிருஷ்ணன் அந்தச் சொல்லை உச்சரிக்கிற அழகே தனி. “உலகத்திட்டப் பொறுப்புக்கூறல் கேட்டு ஜெனீவா வரைக்கும் போன இனம் நாங்கள்,” என்பார். ஒரு கணம் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். “எங்கட பிள்ளையளின்ர பாடசாலையில அது இல்லாமல் இருக்கலாமோ?” சனம் கைதட்டும். சிறி அண்ணையின் ஆட்சியில் ஆறு வருடம் உபதலைவராக இருந்தவர் இதே பாலகிருஷ்ணன்தான் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அவருக்கே நினைவில்லை என்றால் மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கைதட்டியவர்களில் கொட்பிறியும் ஒருவன். மன்னார், பேசாலைக்காரன். இங்கே பஸ் ஓட்டுகிறான். அவனுடைய பஸ் டிப்போவில், மரக்கிளையில் கண்ணாடி உரசினாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை மணி, எந்த இடம், யார் ஓட்டியது என்று மூன்று கேள்வி. கொட்பிறி பொறுப்புக்கூறல் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பாவம், பொது வாழ்க்கையில் அனுபவமில்லாதவன்.

தேர்தலன்று காலை ஒன்பது மணிக்கு ஏழு வயது மகள் நிஷானியை வகுப்பில் விட்டுவிட்டு, வாக்கும் போட்டுவிட்டு, தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனான். பாடசாலை பன்னிரண்டுக்கு விடும். வழக்கமாக மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பெற்றோர் வாசலில் நிற்பார்கள். தாயையோ தகப்பனையோ கண்ணால் கண்ட பிறகுதான் பிள்ளையை வெளியே விடுவார்கள். அன்றைக்கு வாக்குப் போட வந்த கார்கள் தெரு முழுக்க நின்றதால், கொட்பிறி இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கேயோ தூரத்தில் காரை விட்டு ஓடிவந்து சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மஞ்சள் மேலங்கிகள் இரண்டும் ஆணியில் தொங்கின. கடமைப் பட்டியல் ஒட்டுகிற பலகையில், பட்டியலின் மேலேயே தேர்தல் அறிவித்தலைக் குத்தியிருந்தார்கள். நிஷானியைக் காணவில்லை.

வகுப்பறை, கழிப்பறை, விளையாட்டுத் திடல், எல்லாம் பார்த்தான். பிறகு மண்டபத்துக்கு ஓடினான். கதவை மறித்துக்கொண்டு கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தேர்தல் அலுவலர் நின்றார்.

“அங்கிள், என்ர பிள்ளையைக் காணேல்ல!”

“தம்பி, மெல்லக் கதையும். வாக்கு எண்ணிக்கொண்டிருக்கினம். இப்ப ஒருத்தரும் உள்ள வரேலாது.”

“பிள்ளையைக் காணேல்ல எண்டு சொல்லுறன்!”

“விளங்குது. முறைப்பாடு ஏதும் எண்டால், முடிவு அறிவிச்சு ஏழு நாளுக்குள்ள எழுத்தில தரலாம்.”

கொட்பிறி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நீளமேசையைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர், மூச்சு விடாமல் ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டில் யாரோ இரண்டு பேருக்கும் புள்ளடி போட்டு, கீழே ‘நன்றி’ என்றும் எழுதியிருந்தார்கள். அது செல்லுமா செல்லாதா என்பதுதான் அப்போது வைகறையின் தலையாய பிரச்சினை. அவன் கத்தினான். நாலைந்து தாய்மார் திடுக்கிட்டு எழுந்து வெளியே ஓடிவந்தார்கள். மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சீட்டைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு இருபத்துநாலுக்குக் கைபேசி அடித்தது. இரண்டு தெருவும் ஒரு பெரிய வீதியும் தாண்டி இருக்கிற லெபனான்காரரின் ரொட்டிக்கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். புத்தகப்பையில் அவன் மனைவி பேர்ள் எழுதிவைத்த இலக்கத்தைப் பார்த்துத்தான் அழைத்தாளாம். அவன் போய்ச் சேர்ந்தபோது, நிஷானி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து சுடச்சுட ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சிவப்புக் கார் ஒன்றைத் தகப்பனுடையது என்று நினைத்துப் பின்னால் போனவள். கொட்பிறி மூட்டைக்குப் பக்கத்தில், கடைத் தரையிலேயே இருந்து, பிள்ளையைக் கட்டிப்பிடித்து, வெட்கம் பாராமல் அழுதான்.

“Dad, why are you crying?” என்றாள் நிஷானி. “I wasn't even lost.”

இரவு வேலைக்குப் போகும் ஆஸ்பத்திரித் தாதி பேர்ள், விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டாள். “மடு மாதா காப்பாத்தினவ. இதோட விடுங்கோ. உவையளோட கொழுவி எங்களுக்கு என்ன வரப்போகுது?”

“மடு மாதா ஒவ்வொரு சனியும் வந்து வாசல்ல நிக்கமாட்டா, பேர்ள்,” என்றான் கொட்பிறி. “ஆர் நிண்டது, ஏன் நிக்கேல்ல, இனி ஆர் நிப்பினம். இதைத்தான் கேக்கப்போறன். வேறொண்டும் இல்லை.”

அடுத்த சனிக்கிழமை ஒரு பக்கக் கடிதத்தோடு போனான். புதிய நிர்வாக சபை மூன்றாம் வகுப்பு அறையில் கூடியிருந்தது. பாலகிருஷ்ணன் மூன்று வாக்கால் வென்று தலைவராகியிருந்தார். பெரிய கதிரைகளை ஏதோ விழாவுக்கென்று மண்டபத்தில் பூட்டிவைத்திருந்ததால், இருபத்துமூன்று பேரும் எட்டு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, வெகு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் சத்தியபாமா ரீச்சர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

“இது ஆருக்கு எழுதினது, கொட்பிறி?”

“நிர்வாக சபைக்கு, ரீச்சர்.”

“எந்த நிர்வாக சபைக்கு?” ரீச்சர் மெல்லச் சிரித்தார். ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சிரிப்பு. “பழைய சபை பதினொண்டரைக்குக் கலைஞ்சது. புதுச் சபை ஒண்டேகாலுக்குத்தான் பதவி ஏற்றது. உம்மட பிள்ளை வெளியில போனது பன்னிரண்டுக்கு. அந்த ஒண்டேமுக்கால் மணித்தியாலமும் இந்தப் பாடசாலைக்கு நிர்வாகமே இருக்கேல்ல. சபையின்ர யாப்பு விதியில அப்பிடித்தான் கிடக்கு.”

“அப்ப பிள்ளையள் இருந்ததுகள்தானே, ரீச்சர்?”

சபையில் சிறு சலசலப்பு. அந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. பாலகிருஷ்ணன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

“நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி. இப்பிடிக் கேள்வி கேக்கிற பெற்றோர் எங்களுக்கு வேணும். ஆனால் தம்பி, நாங்கள் வந்து ஏழு நாள். முந்தின நிர்வாகத்தின்ர பிழைக்கு நாங்கள் பதில் சொல்லப் போனால், அது அவையின்ர பொறுப்பைத் தட்டிப் பறிக்கிற மாதிரி. அந்த அநியாயத்தை நான் செய்யமாட்டன்.”

அந்த நியாயவானின் சொல்லைத் தலைமேல் வைத்துக்கொண்டு கொட்பிறி சிறி அண்ணையைத் தேடிப் போனான். தமிழ்க் கடையில், முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவரின் முகமாக இல்லை அது. வைகறையில் தோற்கிற தலைவரைப் போஷகர் ஆக்குவது வழக்கம். போஷகருக்கு வேலை கிடையாது. முன்வரிசைக் கதிரை உண்டு.

“நான் தோத்தவன், தம்பி,” என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல. “சனம் என்னைத் தண்டிச்சிட்டுது. ஒரு மனிசன் இதுக்கு மேல என்ன பொறுப்புக்கூறுறது? ஒரே குற்றத்துக்கு ரெண்டு தரம் தண்டிக்கப் பாக்கிறீரோ?”

“அண்ணை, உங்களைத் தண்டிக்க வரேல்ல. அண்டைக்கு வாசல்ல ஆர் நிக்க இருந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அது கடமைப் பட்டியல்ல இருக்கும். பட்டியல் போட்டது எங்கட சபை. சபை கலைஞ்சால் பட்டியலும் கலைஞ்சுது.” முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டார். “அதோட, வாசல்ல நிக்கிறவையைத்தான் வாக்கெண்ண உள்ள கூப்பிட்டது. நேர்மையான ஆக்கள். அவையை விட்டால் வேற ஆரை நம்பலாம், சொல்லும் பாப்பம்?”

பிள்ளைகளைக் காக்க நின்ற நேர்மையான இரண்டு பேரும் வாக்குச் சீட்டைக் காக்கப் போய்விட்டார்கள். கொட்பிறிக்கு அப்போதுதான் தலை சுற்றத் தொடங்கியது. ஆனாலும் விடவில்லை. இந்த விடாப்பிடிதான் அவனுடைய குறை.

மூன்றாவது கிழமை, பொறுப்புக்கூறல் உபகுழுவின் அமைப்பாளர் பிரதீப்குமார் தொலைபேசியில் அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனமொன்றில் வேலை, பேச்சில் தேன் ஒழுகும்.

“கொட்பிறி சார், கவலையே படாதீங்க. இனிமே எல்லாம் சிஸ்டமேட்டிக். உங்க கேள்விய நம்ம புது ஆப்ல டிக்கெட்டாப் போட்டுட்டேன். நம்பர் ஒன்னு. நீங்கதான் முதல் கஸ்டமர், வாழ்த்துகள்!”

“சந்தோசம். பதில் எப்ப வரும்?”

“பதில் வந்தாச்சே சார், பாக்கலையா? பச்சைக் கலர்ல இருக்கு. ‘தீர்ந்தது’ன்னு.”

“என்ன தீர்ந்தது?”

“பிரச்சினையோட பேரு ‘குழந்தை காணவில்லை’. குழந்தை கிடைச்சிருச்சு. அப்போ தீர்ந்ததுதானே சார்? நாப்பது நிமிஷத்துக்குள்ள தீர்த்திருக்கோம்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு. தலைவர் ரொம்பப் பெருமைப்பட்டார்.”

“கண்டுபிடிச்சது ரொட்டிக்கடைக்காரி!”

“அவங்களையும் வாலன்டியர் லிஸ்ட்ல சேர்த்திருக்கோம் சார்.”

கொட்பிறி கைபேசியை வைத்துவிட்டு, டிப்போவில் நின்ற பஸ்ஸைக் கிளப்பினான். அடுத்த கிழமை நிஷானியைப் பாடசாலைக்குக் கூட்டிப்போவதா விடுவதா என்று அவனுக்கும் பேர்ளுக்கும் வீட்டில் வாக்குவாதம். இங்கே பிறந்த பிள்ளை, அப்பம்மாவோடு தொலைபேசியில் நாலு வார்த்தை பேச இந்த ஒரு பாடசாலைதான் இருக்கிறது. விட்டால் தமிழ் போய்விடும். விடாவிட்டால் பிள்ளையே போய்விடும் என்று பயம். “வாசல்ல ஒரு ஆள் நிண்டால் போதுமே, வேற என்ன கேட்டனாங்கள்?” என்று பேர்ளே கடைசியில் அழுதுவிட்டாள்.

அப்போதுதான் அழைப்பிதழ் வந்தது. வழவழத்த தாள், நாலு பக்கம், முன்னட்டையில் யாழின் படம். ‘பொறுப்புக்கூறல் பெருவிழா. 17 ஆம் திகதி சம்பவம் தொடர்பாக நிர்வாக சபை பகிரங்கமாகப் பொறுப்பேற்கும் வைபவம். அனைவரும் குடும்ப சமேதராய் வருக.’ மங்கல விளக்கேற்றுவோர் பட்டியலில் பதினொன்றாவதாக, ‘பாதிக்கப்பட்ட பெற்றோர் திரு. கொட்பிறி’ என்று இருந்தது. கொட்பிறிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. என்ன இருந்தாலும் எங்கட ஆக்கள், ஊரறியச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தான். பேர்ளுக்கு அன்று வேலை. அவன் நிஷானிக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

விழா ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. குத்துவிளக்குக்கு ஐந்து திரி, ஏற்றுவோர் பதினொரு பேர். யாரை விடுவது? விட்டால் அவர் அடுத்த தேர்தலில் ‘அதிபுதிய மறுமலர்ச்சி’ தொடங்குவார். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு பக்கத்துக் கோயிலிலிருந்து இன்னும் இரண்டு விளக்கு வந்தது. இப்போது பதினைந்து திரி. ஆள் நாலு குறைந்தது. முன்வரிசையிலிருந்து நாலு பேரை அவசரமாக எழுப்பிக் கூட்டிவந்து பற்றவைத்தார்கள். அதில் ஒருவர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்த கடைக்காரர்.

பிறகு, இந்த நாட்டு வழக்கப்படி, மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை செலுத்தி ஒரு தாளை வாசித்தார்கள். வாசித்தவர் இனக்குழுவின் பெயரை மூன்று விதமாகச் சொல்லி, மூன்றுக்கும் தலைகுனிந்தார். தமிழ் வாழ்த்து. வரவேற்புரை. ஆசியுரை. வாழ்த்துரை ஐந்து. எல்லாருக்கும் பொன்னாடை. அதன் பிறகு பொறுப்பேற்பு தொடங்கியது.

போஷகர் சிறி அண்ணை முதலில் எழுந்தார். “கடந்த கால நிர்வாகத்தின் சார்பில், எதிர்கால நிர்வாகம் பொறுப்பேற்பதை நான் மனதார வரவேற்கிறேன்,” என்றார். கைதட்டல். சத்தியபாமா ரீச்சர், “செயலாளர் என்ற முறையில், இச்சம்பவத்தைக் குறித்த கடிதம் கிடைத்ததற்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன்,” என்றார். பிரதீப்குமார் திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் பொறுப்பு அம்புக்குறிகளாக ஓடி, ஒருவரிடமும் நிற்காமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. “இதான் சார் நம்ம மாடல். எங்கயுமே தேங்காது,” என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

கடைசியில் பாலகிருஷ்ணன். மூன்று பொன்னாடையோடு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“தலைவன் என்ற வகையில் நான் தார்மீகப் பொறுப்பை ஏற்கிறேன். தார்மீகப் பொறுப்பென்பது மிகப் பெரிய பொறுப்பு. அதை ஏற்பவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதனால்தான் பெரியவர்கள் மட்டுமே அதை ஏற்கிறார்கள்.” குரல் தழுதழுத்தது. “ஆனால் ஒண்டைக் கேக்கிறன். அண்டைக்கு அந்த வாசற்கதவைத் திறந்தது ஆர்? இந்தச் சபையில இருக்கிற ஆராவது, நெஞ்சில கைவைச்சு, நான்தான் எண்டு சொல்லுவியளோ? சொல்லுங்கோ பாப்பம்!”

அது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி. மண்டபம் உச்சுக்கொட்டித் தலையாட்டியது. நிஷானி கையை உயர்த்தினாள்.

“It was me, Uncle,” என்றாள். பிறகு, தமிழ்ப் பாடசாலை என்பது நினைவுக்கு வந்து, “நான் திறந்தது. கொளுக்கியை நான்தான் தூக்கினேன். சொறி,” என்றாள்.

பாலகிருஷ்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. ஐந்து கிழமையாகத் தேடிய ஆள் தானாக வந்து அகப்பட்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? “வாங்கோ மகள், மேடைக்கு வாங்கோ!” என்றார். இரண்டு அன்ரிமார் பிள்ளையைத் தூக்கி மேடையில் விட்டார்கள். “பாருங்கோ சனங்களே! வைகறையின் இருபத்தாறு வருட வரலாற்றில், தான் செய்ததைத் தானே ஏற்றுக்கொண்ட முதல் ஆள்! இது எங்கட கல்வியின் வெற்றி! இத்தோடு இந்த விவகாரம் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கிறேன்!” தன் தோளிலிருந்த பொன்னாடை ஒன்றை எடுத்துப் போர்த்தினார். அது பிள்ளையின் தலையையும் சேர்த்து மூடிவிட்டது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடைக்குள்ளிருந்து, “Dad, am I in trouble?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

கொட்பிறி மேடைக்குப் போனான். பொன்னாடையை எடுத்து மேசையில் போட்டான். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினான். மேடையில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

“என்ர பிள்ளைக்கு ஏழு வயசு,” என்றான். “இந்த மேடையில இருக்கிற உங்களில ஒருத்தருக்கும் இன்னும் ஏழு வயசாகேல்ல.”

சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். பின்னால் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரும் கைதட்டினார்கள். நன்றியுரை தொடங்கியது.

பத்து நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் எல்லாப் பெற்றோருக்கும் வந்தது. ‘விடயம் 7: திரு. கொட்பிறி அவர்கள் நிர்வாக சபையினரின் இளமைத் துடிப்பை வியந்து பாராட்டிச் சிற்றுரை ஆற்றினார். விடயம் 8: வாசற் கடமை. நேரம் போதாமையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’

கொட்பிறி அதை வாசித்தது ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது. டிப்போவில் தந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் தனியாக நின்றான். மண்டபத்தில் பொறுப்புக்கூறல் உபகுழுவுக்குத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. சத்தியபாமா ரீச்சர் வெளியே எட்டிப் பார்த்தார்.

“கொட்பிறி, வாக்கெண்ண ஒரு ஆள் குறையுது. நேர்மையான ஆளா வேணுமாம். ஒருக்கா உள்ள வாரும்.”

மணி அடித்தது. வகுப்பறைக் கதவுகள் திறந்தன.

“ஏலாது ரீச்சர்,” என்றான் கொட்பிறி. “பிள்ளையள் வருகுதுகள்.” கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கதவின் கொளுக்கியை இறுகப் பிடித்துக்கொண்டான்.